தெலுக் பஹாங் போகலாமா? வருஷா வருஷம் வரும் கேள்விகளும் என் பதில்களும்

பள்ளி விடுமுறைக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே கோலாலம்பூர் சொந்தக்காரர்களின் வாட்சாப் குழு விழித்துக்கொள்ளும். "மச்சான், பினாங்கு வர்றோம். தண்ணீர்மலை, கொடிமலை, பத்து பெரிங்கி எல்லாம் பார்த்தாச்சு. வேற என்ன இருக்கு?" நான் ஒவ்வொரு முறையும் தெலுக் பஹாங் என்பேன். உடனே கேள்விகள் வரிசை கட்டும். தட்டித் தட்டிக் கட்டை விரல் தேய்ந்ததுதான் மிச்சம். இனி யார் கேட்டாலும் இந்தப் பக்கத்தை அனுப்பிவிடுவதாக உத்தேசம்.

நான் வழிகாட்டி இல்லை. ஜெலுத்தோங்கில் வளர்ந்தவன். சின்ன வயதில் வருஷத்துக்கு ஒரு ராத்திரி, மாசி மகத்தன்று மட்டும், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனவன். அந்த ஊருக்குப் பகல் என்று ஒன்று இருப்பதே எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. ஜோர்ஜ்டவுன் பக்கத்துத் தமிழர்களில் பலருக்கு இதே கதைதான்.

பகாங் மாநிலத்திலா இருக்கிறது? அவ்வளவு தூரம் ஓட்ட முடியாது.

அது பகாங், இது பஹாங். மலாயில் 'தெலுக்' என்றால் குடா, 'பஹாங்' என்றால் வெக்கை, அனல். பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. ஜோர்ஜ்டவுனிலிருந்து கடலோரமாகவே தஞ்சோங் தொக்கோங், தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி என்று வளைந்து வளைந்து போனால் ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் ஒரு ரவுண்டபௌட் வரும். இடது பக்கம் திரும்பினால் சாலை மலையேறி பாலிக் பூலாவ் போகும். நேராகப் போனால் கொஞ்ச தூரத்தில் தார்ச்சாலை முடிந்துவிடும். அதற்கு அப்பால் காடும் கடலும்தான்.

கம்பமா, டவுனா?

கம்பம்தான், சின்னக் கிராமம். பத்து பெரிங்கி ஓட்டல்களைத் தாண்டினதும் சாலை ஒரு மலை முனையைச் சுற்றும். அதைக் கடந்ததும் வேறு ஊருக்கு வந்துவிட்டது போலிருக்கும். ஒரு கடை வரிசை, மசூதி, நம் சிங்கமுகக் காளியம்மன் கோவில், மீன்பிடிப் படகுகள் கட்டிக் கிடக்கும் ஜெட்டி. மலாய்க்காரர்கள், சீனர்கள், நம்மவர்கள் எல்லாருமே இருக்கிறார்கள்.

ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் காலையில் ஜெட்டிக்குப் போங்கள். நான் முதல்முறை பகலில் போனபோது ஒரு பெரியவர் பலகை மேல் உட்கார்ந்து வலை சீர்செய்துகொண்டிருந்தார். வலையின் ஒரு ஓரத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். கை ஊசியை உள்ளே விட்டு, வளைத்து, முடிச்சுப் போட்டு, இறுக்கிக்கொண்டே இருந்தது. கண் என்னவோ கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கூடையில் கெம்போங் மீன் வெள்ளிக்காசு போல மின்னியது. "பாக்சிக், விக்கிறீங்களா?" என்று மலாயில் கேட்டேன். "அது வித்தாச்சு" என்று இன்னொரு கூடையைக் கால் விரலாலேயே காட்டினார். அதில் நாலு திருக்கையும் ஒரு வௌவால் மீனும் கிடந்தன. அந்த வௌவாலை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் குழம்பு வைத்தோம். அன்றைக்கு அம்மா சொன்னது: "இத்தன வருஷமா சாமி பாக்கத்தான் அங்க போனோம், மீன் வாங்கத் தோணலயே."

பஸ்ஸில் போக முடியுமா?

தாராளமாக. ஜோர்ஜ்டவுன் ஜெட்டி பஸ் நிலையத்தில் கிளம்பி கொம்தார் கோபுரம் வழியாக வரும் ரேபிட் பினாங்கு 101-ஆம் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை உட்கார்ந்திருங்கள். போகும்போது வலது பக்க ஜன்னல் பிடித்தால் வழி நெடுகக் கடல். நெரிசல் இல்லாத நாளில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும், சனி ஞாயிறு என்றால் அதற்குக் கணக்கே கிடையாது. சில்லறை சரியாக வைத்துக்கொள்ளுங்கள், மீதி கிடைக்காது.

மாசி மகத்துக்கு ஏன் அத்தனை கூட்டம்?

மாசி மாதத்தில் மக நட்சத்திரமும் பௌர்ணமியும் சேரும் நாளில் சாமி கடலாடப் போவது தமிழ்நாட்டுக் கடலோர ஊர்களில் பழைய வழக்கம். மலேசியாவில் அதைக் கொண்டாடும் இடங்கள் சிலவே. மலாக்காவில் சன்னாசிமலை ஆண்டவர் கோவிலில் மாசி மகம் பெரிய விழா. பினாங்கில் தெலுக் பஹாங்.

ஊர்வலம் முடிந்து அம்மன் கடற்கரைக்கு வந்ததும், அலங்கரித்த மிதவைத் தேரில் ஏறிக் கடலுக்குள் போவாள். சுற்றிலும் வண்ண விளக்குகள். கடல் கறுப்பாகவும் வானம் கறுப்பாகவும் இருக்க, நடுவில் அந்த ஒரு தேர் மட்டும் மெதுவாக நகரும். மேளச் சத்தம் தண்ணீர் மேல் வரும்போது காற்றைப் பொறுத்து ஏறி இறங்கும். சில நேரம் பக்கத்தில் வாசிப்பது போலவும் சில நேரம் எங்கோ அடுத்த ஊரில் வாசிப்பது போலவும் இருக்கும்.

கரையில் நிற்பவர்கள் சின்னச் சின்னப் படகுகளில் மெழுகுவர்த்தி ஏற்றி, வேண்டுதலைச் சொல்லி மிதக்க விடுவார்கள். எங்கள் அம்மா ஒவ்வொரு வருஷமும் முழங்கால் தண்ணீர் வரை இறங்கித்தான் விடுவார். ஒரு வருஷம் விட்ட படகை அலை திருப்பிக் கொண்டுவந்து அவர் கணுக்காலிலேயே மோத விட்டது. மறுபடி விட்டார், மறுபடி வந்தது. மூன்றாவது முறை பக்கத்தில் நின்ற ஒரு பையன் வாங்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய் விட்டுவிட்டு வந்தான். அம்மா அந்தப் பையனுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டார்.

ஒரு வேண்டுகோள்: படகு காகிதமாகவோ இலையாகவோ இருக்கட்டும். போலிஸ்டைரின் தட்டு வேண்டாம். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தவன் சொல்கிறேன், அத்தனையும் மீன்காரர்களின் வலைப் பக்கம்தான் ஒதுங்குகிறது.

மாசி மகத்துக்கு வரும்போதே சாலை முடியும் இடத்திலுள்ள தேசியப் பூங்காவையும் பார்த்துவிடலாமா?

பார்க்கலாம், ஆனால் அந்தப் பருவத்தில் பாதிதான் பார்ப்பீர்கள். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறட்சியான மாதங்கள். பூங்காவுக்குள் பந்தாய் கெராச்சுட் கடற்கரையில் இருக்கும் ஏரியில் அப்போது பெரும்பாலும் தண்ணீர் இருக்காது. சேறும் கோரையுமாகக் கிடக்கும். அங்கே போய் நின்று "ஏரி எங்கே?" என்று கேட்ட என் மச்சினிச்சி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

இன்னொன்று, மாசி மகத்தன்று கார் நிறுத்த இடம் கிடைக்காது. திருவிழாவைத் திருவிழாவாக வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்கு வேறொரு நாள் விடிகாலையில் வாருங்கள்.

அது என்ன ஏரி? அப்படி என்ன விசேஷம்?

ஒரே ஏரியில் மேலே நன்னீர், அடியில் உப்பு நீர். இரண்டும் கலக்காது. மழை பெய்யும் மாதங்களில் ஓடைத் தண்ணீர் கடற்கரை மணல்மேட்டுக்குப் பின்னால் தேங்குகிறது. கடல் தண்ணீரும் உள்ளே வருகிறது. உப்பு நீர் கனம் என்பதால் அடியில் தங்கிவிடுகிறது, நன்னீர் அதன் மேல் படிகிறது. உலகத்தில் இந்த மாதிரி ஏரிகள் குறைவு. எலுமிச்சைச் சாற்றுக் கோப்பையில் சர்க்கரை அடியில் நிற்க, கலக்காமல் மேலாகக் குடித்தால் எப்படியோ அப்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள்.

கரையில் நின்று பார்த்தால் சாதாரணக் குட்டை மாதிரிதான் தெரியும். கண்ணுக்குக் கோடு எதுவும் தெரியாது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக் கூடாது.

பூங்காவில் எந்தப் பாதையில் நடப்பது?

முதலில் நுழைவாயில் கவுண்டரில் பதிந்துகொள்ள வேண்டும். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். இந்தக் காடு முன்பு பந்தாய் ஆச்சே வனக்காப்பகம். 2003-இல் தேசியப் பூங்காவானது. தேசியப் பூங்கா என்றதும் தாமான் நெகாரா அளவுக்குக் கற்பனை செய்ய வேண்டாம், இது குட்டி. ஆனால் மலைக்காடு, சதுப்பு, மணல் கடற்கரை, பாறைக் கரை எல்லாம் நடக்கிற தூரத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். வலது பக்கம் கடலோரமாக மங்கி பீச், மலாயில் தெலுக் டூயோங். வழியில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு நிலையம் இருக்கிறது. ஏறி இறங்கி, வேர்களைத் தாண்டி, ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து இன்னும் தெம்பிருந்தால் முக்கா ஹெட் கலங்கரை விளக்கம். 1883-இல் கட்டியது, இருநூறு மீட்டருக்கு மேல் உயரமான மலைமேல் நிற்கிறது. அந்த ஏற்றம் சும்மா இல்லை. நான் பாதியில் ஒரு வேரில் உட்கார்ந்துகொண்டு, கோடரியும் கடப்பாரையும் மட்டும் வைத்துக்கொண்டு இந்த மலைக்குக் கருங்கல் ஏற்றியவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று யோசித்தேன். தண்ணீர் பாட்டில் ஒன்றைத் தூக்கிவர எனக்கு மூச்சு வாங்கியது.

இடது பக்கம் காட்டுக்குள் ஏறி இறங்கினால் பந்தாய் கெராச்சுட். இதுவும் ஒன்றரை மணி நேரம், ஆனால் நிழல் அதிகம். எனக்கு இதுதான் பிடிக்கும். மழைக்குப் பிறகு சரிவிலோ மரம் விழுந்தோ பாதைகளை மூடுவது உண்டு. ஆகவே எது திறந்திருக்கிறது என்று கவுண்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நடக்காமல் படகில் போகலாமா?

போகலாம். படகுக்குத்தான் விலை, தலைக்கு இல்லை. ஆகவே எட்டுப் பேராகச் சேர்ந்தால் மலிவு. இரண்டே பேர் என்றால் அங்கே நிற்கும் வேறொரு குடும்பத்தோடு சேர்ந்துகொள்ளலாம். என் யோசனை: போகும்போது நடை, வரும்போது படகு. கிளம்பும் முன்பே படகுக்காரரிடம் நேரம் பேசி, அவர் தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை என்றால் நடுப்பகலில் அவர்கள் தொழுகைக்குப் போய்விடுவார்கள்; காத்திருக்க வேண்டும்.

பேசாமல் போனதன் பலன் எனக்குத் தெரியும். ஒருமுறை கெராச்சுட்டில் நானும் என் தம்பியும் சாயங்காலம் வரை ஆடி அசைந்து உட்கார்ந்துவிட்டோம். "ஏதாவது படகு வரும்ணே" என்றான் தம்பி. ஒன்றும் வரவில்லை. காட்டுக்குள் கடலோரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னாலேயே இருட்டிவிடும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தம்பி போனில் பதினோரு சதவீதம், என் போனில் அதுவும் இல்லை. சில்வண்டுச் சத்தத்தில் பக்கத்தில் பேசுவது காதில் விழவில்லை. இறங்கி வந்தபோது வாயிலில் இருந்த காவலர் எங்கள் பெயரை நோட்டில் அடித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கடிகாரத்தை மட்டும் காட்டினார்.

ஆமை பார்க்கலாமா?

கெராச்சுட்டில் ஆமைப் பாதுகாப்பு நிலையம் இருக்கிறது. 1995-லிருந்து இயங்குகிறது. ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை பச்சை ஆமையும், செப்டம்பருக்குப் பிறகு பங்குனி ஆமையும் முட்டையிட வரும். முட்டைகளை எடுத்து வேலி போட்ட மணலில் புதைத்துக் குஞ்சு பொரிந்ததும் கடலில் விடுகிறார்கள். தாய் ஆமை கரையேறுவது ராத்திரியில்; பகல் விருந்தாளிகளான நமக்குத் தொட்டியில் நீந்தும் குட்டிகள்தான் கிடைக்கும். கைவைக்காதீர்கள்.

கடலில் குளிக்கலாமா?

கெராச்சுட்டில் வேண்டவே வேண்டாம். இழுப்பு அதிகம், எச்சரிக்கைப் பலகையும் இருக்கிறது. மங்கி பீச்சில் குளிப்பவர்கள் உண்டு, ஆனால் சொறிமீன் எல்லா இடத்திலும் வரும். பெட்டி ஜெல்லி மீன் எனும் விஷம் கூடிய வகையும் இந்தக் கடலில் பதிவாகியிருக்கிறது. பட்டால் தேய்க்கக் கூடாது. பைப்புத் தண்ணீர், மினரல் வாட்டர் எதையும் ஊற்றக் கூடாது. வினிகரை ஊற்றிக்கொண்டே ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்யுங்கள். நான் முதுகுப் பையில் ஒரு சின்ன பாட்டில் வினிகர் வைத்திருப்பதைப் பார்த்து, காட்டில் ஊறுகாய் போடப் போகிறேனா என்று கேலி செய்தவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

குரங்குத் தொல்லை உண்டா?

கடற்கரைக்கு மங்கி பீச் என்று பெயர் வைத்த பிறகு இது ஒரு கேள்வியா? நீளவால் குரங்குகளுக்கு பிளாஸ்டிக் பையின் சரசரப்புத்தான் சாப்பாட்டு மணி. எங்கள் அத்தை மசால் வடை கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒரு பெரிய கடுவன் வந்தது, பையைப் பறிக்கவில்லை. பையின் அடியைக் கிழித்தது. வடைகள் மணலில் உருண்டன. குட்டிகள் வந்து பொறுக்கின. மணல் ஒட்டிய வடையைக் கடல் தண்ணீரில் அலசித் தின்றது ஒன்று. அத்தை கோபத்தை மறந்து, "உப்பு பத்தலயாடா?" என்றார்.

சாப்பாட்டை மூடி போட்ட டப்பாவில், ஜிப் போட்ட பையில் வையுங்கள். குரங்கின் கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள். காட்டுக்குள் அண்ணாந்து பார்த்தால் இன்னொரு இனம் இருக்கும்: லோத்தோங். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், கண்ணாடி போட்ட வாத்தியார் மாதிரி. அவை நம் பக்கமே வராது. அதன் குட்டி பிறக்கும்போது ஆரஞ்சு நிறம். கறுத்த தாயின் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டால் அன்றைய நடைக்கு அதுவே போதும்.

அம்மாவுக்கு முட்டி வலி. மலை ஏற முடியாது. வந்து என்ன செய்வார்?

இதற்குப் பதில் எழுதத்தான் எனக்கு ஆசை. எங்கள் அம்மாவுக்கும் அதே முட்டி.

ரவுண்டபௌட்டில் பாலிக் பூலாவ் பக்கம் திரும்பினால் கொஞ்ச தூரத்தில் தாமான் ரிம்பா தெலுக் பஹாங். வனத்துறையின் பூங்கா. மரங்களுக்கு நடுவே ஓடை, பாறைகளுக்கிடையில் தேங்கிய குளங்கள். அம்மா பாறைமேல் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் இருப்பார். அங்கேயே வன அருங்காட்சியகமும் உண்டு.

ஊருக்குள் நுழைவதற்கு முன்பே, பத்து பெரிங்கி சாலையில் ஒரு மூலிகைத் தோட்டம் இருக்கிறது. டிராப்பிக்கல் ஸ்பைஸ் கார்டன் என்று பெயர். பழைய ரப்பர் தோட்டத்தில் 2003-இல் திறந்தது. ரப்பர் மரங்கள் சில இன்னும் நிற்கின்றன. அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போனால் பெயர்ப்பலகையே தேவையில்லை. மஞ்சள், சித்தரத்தை, ஏலம், பட்டை, கறிவேப்பிலை, வெற்றிலை என்று ஒவ்வொன்றாகக் கிள்ளி முகர்ந்து, எது எந்தக் கஷாயத்துக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தார். பின்னால் வந்த வெள்ளைக்காரத் தம்பதி வழிகாட்டியை விட்டுவிட்டு எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். நான்தான் மொழிபெயர்ப்பு. சில இலைகள் அம்மா கைப்பைக்குள் போனதை நான் பார்க்கவில்லை.

பிள்ளைகளுக்கு?

என்டோப்பியா பட்டாம்பூச்சித் தோட்டம் (1986-லிருந்து இருப்பது, 2016-இல் புதுப் பெயரோடு விரிந்தது). எஸ்கேப் விளையாட்டுப் பூங்கா; அங்கே 1,111 மீட்டர் நீளமுள்ள நீர்ச்சறுக்கு கின்னஸ் சாதனை. இரண்டும் காசு பிடுங்கும். இரண்டும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

டுரியான் காலம் எப்போது?

பெரிய பருவம் மே கடைசியிலிருந்து ஜூலை வரை, சில வருஷம் ஆகஸ்ட் வரை இழுக்கும். ரவுண்டபௌட்டிலிருந்து மலைச்சாலையில் தீத்தி கெராவாங் அருவிப் பக்கம் போனால் சாலையோரமெல்லாம் பழக்கடை. இது டுரியான் ராஜ்ஜியம். பாலிக் பூலாவ் வரை இதே கதை. கோலாலம்பூர்க்காரர்கள் வந்து இறங்கியதும் "முசாங் கிங் இருக்கா?" என்பார்கள். இங்கே வந்து அதைக் கேட்காதீர்கள். ஆங் ஹே, ஹோர் லோர், குன் போ என்று பினாங்கின் சொந்தப் பழங்களைக் கேளுங்கள். கடைக்காரரிடம் முதலில் இனிப்பு, கடைசியில் கசப்பு என்று வரிசையாக வெட்டித் தரச் சொல்லுங்கள். கசப்பை முதலில் தின்றுவிட்டால் மற்றதெல்லாம் சப்பென்று ஆகிவிடும்.

பழத்தை மரத்திலிருந்து பறிக்க மாட்டார்கள். தானாக விழ வேண்டும். மரத்தடியில் வலை கட்டியிருப்பதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம்.

இதற்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. டுரியான் பூ சாயங்காலம் விரிந்து ராத்திரியில் வௌவாலுக்காகக் காத்திருக்கும். தேன் குடிக்க வரும் குகை வௌவால்தான் மகரந்தத்தை மரத்துக்கு மரம் கொண்டுபோவது. டுரியான் பூப்பது வருஷத்தில் சில வாரம்தான், மற்ற மாதங்களில் அதற்குச் சோறு? கடலோரச் சதுப்பில் நிற்கும் பெரெம்பாங் மரங்களின் பூ. அதுவும் ராத்திரியில்தான் விரியும். கரையிலுள்ள சதுப்பு மரத்தை வெட்டினால் மலையிலுள்ள டுரியான் காய்க்காது என்று ஒரு பழக்கடைக்காரர் என்னிடம் சொன்னபோது விலையை ஏற்றுவதற்குக் கதை விடுகிறார் என்று நினைத்தேன். பிறகு படித்துப் பார்த்தால் விஷயம் அவர் சொன்ன பக்கம்தான்.

ஜாதிக்காய் வாங்கலாமா?

வாங்குங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி 1796-ஐ ஒட்டி கிறிஸ்டோபர் ஸ்மித் என்ற தாவர நிபுணரை மொலுக்காஸ் தீவுகளுக்கு அனுப்பி ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளைப் பினாங்குக்குக் கொண்டுவரச் செய்தது. டச்சுக்காரர்களின் ஏகபோகத்தை உடைக்கும் ஆசை. 1860 வாக்கில் நோய் விழுந்து தோட்டங்கள் அழிந்தன. ஆனாலும் தீவின் இந்தப் பக்கத்தில் மரங்கள் இன்னும் காய்க்கின்றன.

பழத்தை முழுசாக வாங்கி வீட்டில் பிளந்து காட்டுங்கள். பார்க்க வெளிர் மஞ்சள் கொய்யா மாதிரி இருக்கும். கீறினால் உள்ளே கறுப்பு விதையைச் சுற்றி ரத்தச் சிவப்பில் வலை பின்னியது போல ஜாதிபத்திரி. நாம் விதையை இழைத்துக் குழந்தைக்குக் கொடுப்போம், ஜாதிபத்திரியை பிரியாணியில் போடுவோம், சதையைக் கண்டதேயில்லை. பினாங்கில் தலைகீழ்: சதையைத்தான் சீவி உப்பும் சர்க்கரையும் போட்டு ஊறவைத்துத் தின்பார்கள், சாறு பிழிந்து குடிப்பார்கள். வெயிலில் நடந்து வந்தவனுக்கு ஒரு கிண்ணம் ஐஸ் போட்ட ஜாதிக்காய்ச் சாறு கொடுத்துப் பாருங்கள், பேசாமல் இரண்டாவது கேட்பான்.

தெலுக் பஹாங் அணைக்கட்டில் பார்க்க என்ன இருக்கிறது?

காற்று இருக்கிறது. 1999-இல் கட்டி முடித்தது, தீவிலேயே பெரிய அணை. பினாங்கு குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி கெடா எல்லையிலுள்ள மூடா ஆற்றிலிருந்துதான் வருகிறது; இது வறட்சிக்கு வைத்திருக்கும் சேமிப்பு. அதனால் மழை பொய்த்த வருஷங்களில் ஓரத்தில் சிவப்பு மண் வளையம் வளையமாகத் தெரியும். டிராகன் படகுப் போட்டிகள் இங்கே நடக்கும்.

காட்டுக்குக் கிடைத்த இன்னொரு பெருமையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: 2021-இல் யுனெஸ்கோ பினாங்குக் கொடிமலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தபோது தேசியப் பூங்காவும் அதற்குள் சேர்ந்தது. மொத்தம் 12,481 ஹெக்டேர்.

சாப்பாடு? நாங்கள் அன்றைக்குச் சைவம்.

மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) ரொட்டி சானாய், தோசை கிடைக்கும்; குழம்பில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கட்டுச்சோறு கொண்டுவருவது உத்தமம் (குரங்குப் பகுதியை மறுபடி படிக்கவும்). அசைவம் என்றால் இங்கே கடல் உணவைத் தவிர வேறெதையும் யோசிக்காதீர்கள்.

சுனாமி வந்த இடமாமே? பயமில்லையா?

2004 டிசம்பர் 26 அன்று பினாங்குத் தீவின் வடக்கு, மேற்குக் கரைகளில் அலை ஏறியது. மாநிலத்தில் 52 பேர் இறந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, பள்ளி விடுமுறை. கடற்கரைக்கு உல்லாசமாக வந்த குடும்பங்களும் அதில் அடக்கம். அன்றைக்குப் படகை இழந்தவர்கள், வலையை இழந்தவர்கள் இந்தக் கரைகளில் இன்றும் இருக்கிறார்கள். கடல் திடீரென்று உள்வாங்கினால் மீன் பொறுக்க ஓடாமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். மற்றபடி ஊர்க்காரர்களே தினமும் கடலுக்குப் போய் வருகிறார்கள்.

நீங்களாக அதைப் பற்றி அவர்களிடம் விசாரிக்க வேண்டாம். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.

அட்டை கடிக்குமா?

மழை நாளில் கடிக்கும். உப்பு கொண்டு போங்கள்.

அடுத்த மாசி மகத்துக்கு நீங்கள் வருவீர்களா?

வருவேன். அம்மாவால் இப்போது தண்ணீரில் இறங்க முடியாது. மணலில் நாற்காலி போட்டு உட்கார வைப்போம். போன முறை அவர் படகை வாங்கிக்கொண்டு நான் இறங்கினேன். இடுப்பளவு போய் விட்டேன். திரும்பி வந்ததும், "போயிடுச்சா?" என்று கேட்டார். போய்விட்டது என்றேன். நம்பாமல், விளக்கு கண்ணை விட்டு மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஜெட்டிப் பக்கம் திரும்பி, "காலைல வரைக்கும் இருந்தா வௌவால் மீன் வாங்கிட்டுப் போலாம்ல?" என்றார். இருந்தோம்.